வேண்டியதைச் சொல்லி வடிவத்தைத் தேடுதல்: தலைகீழ் வடிவமைப்புக்கும் உகப்பாக்கத்துக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

புதுச்சேரி கடற்கரைச் சாலையில், தலைமைச் செயலகத்துக்கு எதிரே, இன்று கால் புதைய நடக்க மணல் இருக்கிறது. பல ஆண்டுகளாக அங்கே கருங்கல் குவியலும் அதில் மோதும் அலையும் மட்டுமே இருந்தன. 1980களில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காக அலைதடுப்புச் சுவர்கள் எழுந்த பிறகு, ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டிருந்த மணல் சுவரின் தென்புறத்திலேயே தேங்கியது. வடபுறத்திலிருந்த நகரக் கடற்கரையைக் கடல் அரித்துக்கொண்டு போனது. தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்தின் திட்டப்படி, ஆப்பு வடிவ எஃகு அமைப்பு ஒன்று 2018-இல் கரைக்கு அருகே கடலடியில் அமர்த்தப்பட்டது. அதன் பின் மணல் திரும்பச் சேரத் தொடங்கியது.

இந்தக் கடற்கரையைப் பற்றி இரண்டு விதமாகக் கேள்வி கேட்கலாம். இந்த அமைப்பை இந்த இடத்தில் வைத்தால் கரைக்கோடு எப்படி மாறும் என்பது ஒன்று. அதை நேர்க்கணக்கு என்போம். கரைக்கோடு இப்படி இருக்கவேண்டும், அதற்கு எந்த வடிவத்தை எங்கே வைப்பது என்பது மற்றொன்று, அதுதான் தலைகீழ்க்கணக்கு. பொறியியல் கல்லூரிகளில் நாம் நான்கு ஆண்டும் கற்பது பெரும்பாலும் நேர்க்கணக்கு. வேலையில் நம்மிடம் கேட்கப்படுவது பெரும்பாலும் தலைகீழ்க்கணக்கு. அந்த இடைவெளியை அனுபவத்தாலும் ஊகத்தாலும் மட்டும் நிரப்பாமல், ஒழுங்கான முறையால் கடப்பது எப்படி என்பதே இந்த வழிகாட்டி. கடலூர், புதுச்சேரிப் பகுதிகளில் இயந்திரவியலும் கட்டடவியலும் படிக்கும் மாணவர்களையும், சிறு பட்டறைகளுக்கு வரைபடம் போட்டுக் கொடுப்பவர்களையும் மனத்தில் வைத்து எழுதுகிறேன்.

கடற்கரை பெரிய கணக்கு. கையால் போட்டுப் பார்க்கக்கூடிய சிறிய கணக்கு ஒன்றை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு படியையும் அதில் செய்துபார்த்து, தேவைப்படும் இடங்களில் கடற்கரைக்குத் திரும்புவோம். கடலூர் முதுநகரில் ஒரு கடையின் முன் நிழற்கூரையைத் தாங்க, சுவரிலிருந்து 1 மீட்டர் நீளும் எஃகுத் தாங்கி ஒன்று வேண்டும். அதன் அகலம் 50 மி.மீ. என வைத்துக்கொள்வோம். நுனியில் 1000 நியூட்டன் சுமை. எஃகு சாதாரண மைல்ட் ஸ்டீல். அனுமதிக்கத்தக்க வளைவுத் தகைவு (வளையும்போது ஓர் அலகுப் பரப்பில் எழும் உள்விசை) 150 மெகாபாஸ்கல். எடை எவ்வளவு குறைவாக முடியுமோ அவ்வளவு குறையவேண்டும். தாங்கியின் உயரம் நீளவாக்கில் எப்படி மாறவேண்டும்?

படி 1: நேர்க்கணக்கை முதலில் நம்பத்தக்கதாக்குங்கள்

மொத்த நேரத்தில் பாதியை இங்கே செலவிடச் சொல்வேன். காரணம் எளிது. உகப்பாக்க நிரல், அதாவது மிகச் சிறந்த விடையைத் தேடும் நிரல், உங்கள் மாதிரியின் (நேர்க்கணக்கைப் போடும் கணக்கு உருவின்) பலவீனத்தைத் தேடிப் பிடிக்கும். மாதிரி எந்த மூலையில் உண்மையைவிட நல்ல விடை தருகிறதோ, தேடல் அந்த மூலைக்கே போய் நிற்கும். சாதாரண ஆய்வில் ஓரமாகக் கிடக்கும் ஒரு சிறு பிழை, உகப்பாக்கத்தில் விடையின் நடுவில் வந்து உட்கார்ந்துவிடும்.

எனவே கையால் விடை தெரிந்த ஒரு நிலையில் மாதிரியைச் சோதியுங்கள். நம் தாங்கியை முழு நீளத்துக்கும் ஒரே உயரமாக வைத்தால், சுவரோரத் தகைவு 150-ஐத் தொடும் உயரம் 28.3 மி.மீ.; எடை 11.1 கிலோ, நுனி இறக்கம் 17.7 மி.மீ. பொருளைச் சிறு கட்டங்களின் வலையாகப் பிரித்துக் கணக்கிடும் உங்கள் ஃபைனைட் எலிமென்ட் நிரல் இந்த எண்களைத் தரவில்லை என்றால் அடுத்த படிக்குப் போகாதீர்கள். பிறகு வலையை இருமடங்கு நுணுக்கி, விடை நகர்கிறதா என்று பாருங்கள். நகர்ந்தால், தேடலின்போது வடிவத்தின் மாற்றத்தையும் வலையின் குறையையும் பிரித்தறிய முடியாது.

அமைப்பு எங்கே, எப்படிப் பிடிக்கப்பட்டிருக்கிறது என்று சொல்லும் எல்லை நிபந்தனைகள் இதைவிட ஆபத்தானவை. நான் போட்ட முதல் தாங்கிக் கணக்கில் சுவரோர முனையை அசையாததாக வைத்தேன். இரண்டு சிமெண்ட் மூட்டைகளைத் தொங்கவிட்டுப் பார்த்தபோது, 17 மி.மீ. இறங்கவேண்டிய நுனி 23 மி.மீ. இறங்கியது. எஃகில் குறையில்லை. 150 மி.மீ. உயர அடித்தகட்டின் மேல் போல்ட்டருகே, பழைய செங்கற்சுவருக்கும் தகட்டுக்கும் இடையே ஒரு தாள் நுழையும் அளவு திறந்திருந்தது. 1 மீட்டர் தூரத்தில் 6 மி.மீ. கூடுதல் இறக்கம் என்றால், தகட்டின் உச்சியில் திறப்பு 0.9 மி.மீ. மட்டுமே. அந்த ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான இடைவெளி என் கணக்கில் இல்லை.

இந்த அளவீட்டைக் கொண்டு சுவரின் சுழல் விறைப்பைக் கண்டுபிடிப்பதே ஒரு தலைகீழ்க்கணக்குதான்: விளைவு தெரியும், காரணி தெரியாது. 1000 நியூட்டன்-மீட்டர் திருப்பத்துக்கு ஏறக்குறைய 0.006 ரேடியன் சுழற்சி என்று அதை மாதிரியில் ஏற்றிய பிறகே மாதிரி அந்தச் சுவரின் உண்மையைச் சொல்லத் தொடங்கியது.

படி 2: மாறி, இலக்கு, கட்டுப்பாடு ஆகிய மூன்றையும் தனித்தனியே எழுதுங்கள்

நீங்கள் மாற்றக்கூடியவை மாறிகள். குறைக்கவோ கூட்டவோ விரும்பும் ஒற்றை எண் இலக்கு. மீறக்கூடாதவை கட்டுப்பாடுகள். இவற்றைக் காகிதத்தில் முழு வாக்கியங்களாக எழுதுங்கள். நிரலுக்குள் நேரடியாக எழுதத் தொடங்குபவர்கள் இவற்றில் ஒன்றையாவது விட்டுவிடுகிறார்கள்.

தாங்கிக்கு முதலில் எழுதத் தோன்றுவது: உயரம் மாறி, எடை இலக்கு, தகைவு 150-ஐத் தாண்டக்கூடாது என்பது கட்டுப்பாடு. இதற்குக் கணினியே வேண்டாம். ஒவ்வொரு வெட்டிலும் தகைவு சரியாக 150 ஆக இருக்கவேண்டும் என்று தலைகீழாகக் கேட்டால், உயரம் நுனியிலிருந்து உள்ள தூரத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப வளரும் என்று வருகிறது. சுவரோரம் 28.3, நடுவில் 20, நுனியிலிருந்து கால் மீட்டரில் 14.1 மி.மீ. கலிலியோ 1638-இலேயே சீரான வலிமை கொண்ட விட்டத்துக்கு இந்தப் பரவளைய வடிவத்தைச் சொல்லியிருக்கிறார். எடை 7.4 கிலோவாகக் குறைகிறது. மூன்றில் ஒரு பங்கு மிச்சம்.

ஆனால் நுனி இறக்கத்தைக் கணக்கிட்டுப் பாருங்கள்: 35.4 மி.மீ., சரியாக இருமடங்கு. நாம் வலிமையை மட்டும் கேட்டோம், விறைப்பைக் கேட்கவில்லை, எனவே கணக்கு விறைப்பைக் கொடுத்து எடையை வாங்கிக்கொண்டது. இறக்கம் 18 மி.மீ.யைத் தாண்டக்கூடாது என்ற கட்டுப்பாட்டையும் சேர்த்தால், அதே பரவளையம் சுவரோரத்தில் ஏறக்குறைய 35.4 மி.மீ. உயரத்தோடு வருகிறது, எடை 9.3 கிலோ. குறித்த இறக்கத்துக்கு மிகக் குறைந்த எடை எது என்று வகைநுண்கணிதத்தால் கேட்டாலும், அகலம் மாறாதவரை, இதே வர்க்கமூல வடிவம்தான் விடை. வலிமைக்கும் விறைப்புக்கும் ஒரே வளைவு கிடைப்பது இந்தக் கணக்கின் அழகு. எல்லாக் கணக்கிலும் இப்படி அமையாது.

நுனியில் உயரம் பூஜ்யம் என்கிறது சூத்திரம். அப்படி ஒரு தாங்கியை யாரும் வெட்ட முடியாது. வெட்டினாலும் நம் கடலோர உப்புக்காற்று அதை முதலில் தின்றுவிடும். எனவே எங்கும் 6 மி.மீ.க்குக் குறையக்கூடாது என்று எழுதுகிறோம். வலிமைக்கான 28.3 மி.மீ. வளைவில் அது கடைசி 45 மி.மீ.யை மட்டுமே பாதிக்கிறது. உயரம் கூடிய 35.4 மி.மீ. வளைவில் அந்த நீளம் இன்னும் குறையும். எடைக்கு இரண்டிலும் பெரிய நட்டமில்லை.

சுமையையும் ஒன்றோடு விடக்கூடாது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்ததை இந்தப் பக்கத்தார் யாரும் மறக்கவில்லை. கட்டடச் சுமைகளுக்கான இந்தியத் தர நெறியான ஐ.எஸ். 875-இன் மூன்றாம் பகுதி புதுச்சேரிக்கு வைத்திருக்கும் அடிப்படைக் காற்றுவேகம் நொடிக்கு 50 மீட்டர். வேகத்தின் வர்க்கத்தை 0.6-ஆல் பெருக்கினால், திருத்தக் காரணிகளைச் சேர்ப்பதற்கு முன்பே, சதுர மீட்டருக்கு 1500 நியூட்டன் அழுத்தம் வருகிறது. அந்தக் காற்று கூரையைக் கீழே அழுத்துவதோடு நிற்பதில்லை, மேலேயும் தூக்கும். ஒரே சுமைக்கு உகந்த வடிவம் வேறு சுமைக்கு மோசமாக இருக்கலாம் என்பதால், எல்லாச் சுமை நிலைகளையும் முதல் நாளிலேயே கணக்கில் ஏற்றுங்கள்.

கடற்கரைக்கு இதே படியைப் பொருத்திப் பார்த்தால் எவ்வளவு பெரிய பொறுப்பு என்பது விளங்கும். நகரின் முன்பகுதிக் கரையின் அகலத்தை மட்டும் இலக்காக வைத்தால், நிரல் எங்கிருந்தாவது மணலைப் பிடித்து அங்கே கொண்டுவந்து சேர்க்கும். அந்த மணல் போய்ச் சேரவேண்டிய வடக்குக் கிராமங்களான காலாப்பட்டும் பொம்மையார்பாளையமும் மாதிரியின் எல்லைக்கு வெளியே இருந்தால், அங்கே ஏற்படும் அரிப்புக்குக் கணக்கில் விலையே இராது. மணலுக்கு மாநில எல்லை தெரியாது. எனவே மாதிரியின் எல்லையை நிர்வாக எல்லையில் வரையக்கூடாது.

படி 3: விடை ஒன்றா, பலவா, நிலையானதா என்று கேளுங்கள்

பிரெஞ்சுக் கணிதவியலாளர் ஹதமார் 1902-இல் முன்வைத்த மூன்று கேள்விகளை இங்கே கேட்கவேண்டும்: விடை இருக்கிறதா, ஒன்றுதானா, தரவு சிறிது மாறினால் விடையும் சிறிதே மாறுமா? தலைகீழ்க்கணக்குகள் பெரும்பாலும் இரண்டாவதிலும் மூன்றாவதிலும் தவறுகின்றன. ஒரே கரைக்கோட்டைப் பல வேறு அமைப்புகள் தரலாம். அளவீட்டிலுள்ள சிறு இரைச்சல், விடையில் பல் பல்லான அலைகளாக வரலாம்.

மருந்து, ரஷ்யக் கணிதவியலாளர் டிகோனோவ் 1963-இல் வகுத்த சீராக்கம். அளவீட்டோடு பொருந்தாமைக்கு ஒரு தண்டனை, வடிவத்தின் கரடுமுரடுக்கு ஒரு தண்டனை என்று இரண்டையும் கூட்டி, இரண்டாவதற்கு ஒரு எடையெண் கொடுக்கிறோம். எடையெண்ணைப் பத்துப் பத்து மடங்காக மாற்றிப் பார்த்து, பொருத்தம் கெடத் தொடங்கும் இடத்துக்குச் சற்று முன்னால் நிறுத்துவது நடைமுறை. வடிவமைப்பில் பல விடை இருப்பது குறையல்ல. அவற்றில் பட்டறையில் செய்ய எளிதானதை நாம் தேர்ந்துகொள்ளலாம்.

படி 4: தேடும் முறையைத் தேர்ந்தெடுங்கள்

எந்த நிரல் சிறந்தது என்பதைத்தான் மாணவர்கள் முதலில் கேட்கிறார்கள். விடையோ கணக்கின் இயல்பைப் பொறுத்தது: எத்தனை மாறி, ஒரு நேர்க்கணக்குக்கு எவ்வளவு நேரம், சரிவு கிடைக்குமா என்ற மூன்றும் தெரிந்தால் முறை ஏறக்குறைய தானே முடிவாகிவிடும்.

மாறிகள் இருபதுக்குள் இருந்து ஒவ்வொரு கணக்கும் மணிக்கணக்கில் ஓடினால், பேய்சிய உகப்பாக்கம் பொருந்தும். அது இதுவரை செய்த கணக்குகளிலிருந்து மலிவான பதிலி மாதிரி ஒன்றைக் கட்டி, எங்கே முன்னேற்றம் எதிர்பார்க்கலாம், எங்கே இன்னும் அறியாமை இருக்கிறது என்ற இரண்டையும் எடைபோட்டு அடுத்த புள்ளியைத் தேர்கிறது. நேர்க்கணக்கு மலிவாகவும், மாறிகள் முழு எண்களாகவோ தாவித் தாவி மாறுவனவாகவோ இருந்தால், பல விடைகளைக் கலந்தும் மாற்றியும் நல்லவற்றைத் தலைமுறை தலைமுறையாகத் தக்கவைக்கும் பரிணாம முறைகள் உதவும். எடையும் இறக்கமும் போல ஒன்றோடொன்று மோதும் இரண்டு இலக்குகள் இருக்கும்போது, ஒற்றை விடைக்குப் பதிலாகச் சமரச விடைகளின் வரிசையையே தரும் முறைகளில் உலகெங்கும் பயன்படுவது, கான்பூர் ஐ.ஐ.டி.யில் கல்யாண்மய் தேவ் குழுவினர் உருவாக்கி 2002-இல் வெளியிட்ட என்.எஸ்.ஜி.ஏ.-2.

மாறிகள் ஆயிரக்கணக்கில் போனால் சரிவைத் தவிர வேறு வழி இல்லை என்பது என் கருத்து. ஒவ்வொரு மாறியையும் சிறிது அசைத்தால் இலக்கு எந்தப் பக்கம் எவ்வளவு நகரும் என்பதே சரிவு. அதை நேரடியாகக் கணக்கிட, 10,000 மாறிகளுக்கு 10,000 நேர்க்கணக்கு வேண்டும். ஒன்றுக்கு ஒரு நிமிடம் என்றாலும் ஏழு நாள் ஆகும், அதுவும் ஒரே ஒரு அடி எடுத்துவைக்க. அட்ஜாயிண்ட் முறை இதை இரண்டே கணக்கில் முடிக்கிறது.

அது எப்படி என்பதைச் சொற்களில் சொல்கிறேன். விறைப்பு அணியையும் (விசைக்கும் இடப்பெயர்ச்சிக்கும் உள்ள உறவைச் சொல்லும் எண்களின் அட்டவணை) இடப்பெயர்ச்சியையும் பெருக்கினால் சுமை, இது நேர்க்கணக்கு. இப்போது சுமைக்குப் பதிலாக, இலக்கு ஒவ்வொரு இடப்பெயர்ச்சியையும் எவ்வளவு பொருட்படுத்துகிறது என்ற எண்களை வலப்புறம் வைத்து, விறைப்பு அணியைப் புரட்டிப்போட்டு, அதே வகைச் சமன்பாட்டை இன்னொரு முறை தீர்க்கிறோம். கிடைக்கும் விடை ஒவ்வொரு புள்ளிக்குமான ஒரு விலைப்பட்டியல்: அந்தப் புள்ளியில் சமநிலை சிறிது பிசகினால் இலக்குக்கு என்ன ஆகும் என்பதை அது சொல்கிறது. அதன் பிறகு ஒவ்வொரு மாறிக்கும் வேண்டியது ஒரு சிறு பெருக்கல் மட்டுமே. புதிதாகத் தீர்க்க எதுவும் இல்லை. இலக்கு நுனி இறக்கமாக இருந்தால், இந்த இரண்டாம் கணக்கு நுனியில் ஓர் அலகுச் சுமை வைப்பதேதான். கட்டமைப்பு வகுப்பில் அலகுச் சுமை முறை படித்தவர்கள் அட்ஜாயிண்ட்டை ஏற்கெனவே தொட்டிருக்கிறார்கள். பிரெஞ்சுக் கணிதவியலாளர் பிரோனோ 1970களில் இதைப் பாய்ம வடிவமைப்புக்குக் கொண்டுவந்தார். வானூர்திப் பொறியாளர் ஜேம்சன் 1988-இல் விமான இறக்கை வடிவமைப்புக்கு விரித்தார்.

படி 5: சரிவைச் சோதியுங்கள்

இந்தப் படியைத் தாண்டிச் செல்பவர்கள் வாரக்கணக்கில் தவறான திசையில் நடக்கிறார்கள். சோதனையோ அரைமணி நேர வேலை. ஒரே உயரத் தாங்கியில் உயரத்தை மாற்றினால் இறக்கம் மாறும் விகிதம், சூத்திரப்படி, ஒரு மி.மீ.க்கு −1.875 மி.மீ. இதையே அசைத்துப் பார்த்துக் கணக்கிடுவோம். உயரத்தை முழு 1 மி.மீ. கூட்டினால் இறக்கம் 17.678-இலிருந்து 15.928-க்கு வருகிறது, விகிதம் −1.750. 0.01 மி.மீ. மட்டும் கூட்டினால் −1.874. அசைவு குறையக் குறைய விடை நெருங்குகிறது. ஆனால் அசைவை மிகவும் குறைத்தால் இரண்டு பெரிய எண்களின் கழித்தலில் இலக்கங்கள் அழிந்து விடை மறுபடி கெடும். உங்கள் தீர்வு நிரல் ஆறு இலக்கத் துல்லியத்தோடு நின்றுவிடுமானால், கோடியில் ஒரு பங்கு அசைவு வெறும் இரைச்சலையே தரும். எனவே அசைவைப் பத்துப் பத்து மடங்காகக் குறைத்து, வேறுபாடு முதலில் இறங்கிப் பிறகு ஏறுவதைப் பாருங்கள். இறங்கவே இல்லை என்றால் உங்கள் சரிவு தவறு.

மாறிகளின் அளவையும் இங்கேயே சரிசெய்யுங்கள். ஒன்று மீட்டரிலும் ஒன்று பாஸ்கலிலும் இருந்தால் தேடல் ஒரு பக்கமே இழுபடும். எல்லாவற்றையும் ஏறக்குறைய ஒன்றுக்கு அருகில் வரும்படி வகுத்துவிடுங்கள்.

படி 6: வடிவத்தையே தேட விடுதல்

இதுவரை உயரம் மட்டும் மாறியது. ஓட்டை எங்கே, கிளை எங்கே என்பதையும் கணக்கே சொல்லவேண்டும் என்றால் அது டோபாலஜி உகப்பாக்கம். ஆஸ்திரேலியப் பொறியாளர் மிச்செல் 1904-இல் மிகக் குறைந்த எடைச் சட்டகங்களுக்கு அடித்தளம் இட்டார். பென்ட்சோவும் கிகுச்சியும் 1988-இல் அதைக் கணினிக்கு ஏற்ற உருவில் தந்தார்கள். சிக்மண்ட் 2001-இல் வெளியிட்ட 99 வரி நிரல் மாணவர் மேசைக்கே அதைக் கொண்டுவந்துவிட்டது. தொடங்குபவர்கள் அந்த 99 வரிகளையும் ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்து ஓட்டிப் பார்க்கவேண்டும் என்பது என் பரிந்துரை.

அதன் உள்ளடக்கம் இது. பரப்பைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 1 வரை ஓர் அடர்த்தி கொடுக்கிறோம். விறைப்பை அடர்த்தியின் மூன்றாம் அடுக்காக வைக்கிறோம். அப்போது பாதி அடர்த்தியுள்ள கட்டம் பாதி எடையை எடுத்துக்கொண்டு எட்டில் ஒரு பங்கு விறைப்பே தரும்; அந்த நட்டத்தால் கட்டங்கள் இருக்கிறது அல்லது இல்லை என்ற இரண்டு பக்கம் ஒதுங்குகின்றன. வடிகட்டி இல்லாமல் ஓட்டினால் சதுரங்கப் பலகை போன்ற கறுப்புவெள்ளைக் கோலம் வரும். அது வலுவான வடிவமல்ல. கட்டங்கள் மூலையில் தொடுவதை மாதிரி உண்மையைவிட விறைப்பாகக் கணிப்பதன் விளைவு. படி 1-இல் சொன்ன அதே நோய்தான் இங்கே கண்ணுக்குத் தெரிகிறது. ஒவ்வொரு கட்டத்தையும் அண்டைக் கட்டங்களோடு கலந்து சராசரி எடுக்கும் வடிகட்டி அதைத் தீர்க்கும். வடிகட்டியின் ஆரத்தைக் கட்டங்களில் அல்லாமல் மில்லிமீட்டரில் குறியுங்கள். அப்போதுதான் வலையை நுணுக்கினாலும் வடிவம் மாறாது.

படி 7: விடையை வெளியே எடுத்து, திரும்பக் கேள்வியிடம் போங்கள்

வந்த வடிவத்தைச் சந்தையில் கிடைக்கும் தகட்டு அளவுக்கும், வெட்டும் கருவியின் திறனுக்கும் ஏற்ப வட்டமிட்டு, வட்டமிட்ட வடிவத்துக்கு நேர்க்கணக்கைப் புதிய வலையில் மறுபடி ஓட்டுங்கள். உகப்பாக்கம் நடந்த அதே வலையில் சரிபார்ப்பது சரிபார்ப்பு ஆகாது. எல்லா உயரத்தையும் 1 மி.மீ. குறைத்தும் கூட்டியும் பாருங்கள். அங்கே விடை சரிந்து விழுந்தால், அந்த வடிவம் துருவுக்கும் வெட்டுப் பிழைக்கும் தாங்காது. வேறு வேறு தொடக்கப் புள்ளிகளிலிருந்து குறைந்தது ஐந்து முறையாவது தேடலை ஓட்டுங்கள்.

பிறகு, எந்தக் கட்டுப்பாடு விடையை இறுக்கிப் பிடிக்கிறது என்று பாருங்கள். நம் தாங்கியில் 18 மி.மீ. இறக்க வரம்பில் 6 மி.மீ.யைச் சுவர்ச் சுழற்சியே எடுத்துக்கொள்கிறது. எஃகின் வளைவுக்கு மிஞ்சுவது 12 மி.மீ. வளைவை மட்டும் மாற்றி அதை எட்ட, எடை 9.3-இலிருந்து 10.6 கிலோவாக ஏறவேண்டும். மிச்சப்படுத்தியதில் பெரும்பங்கு போய்விடுகிறது. அடித்தகட்டின் உயரமோ என் மாறிப் பட்டியலிலேயே இல்லை. அதை 150-இலிருந்து 200 மி.மீ. ஆக்கி, போல்ட்டுகளையும் அதே விகிதத்தில் விலக்கினால், சுழல் விறைப்பு அந்த நெம்புகோல் தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். சுவர்ப் பங்கு 6-இலிருந்து ஏறக்குறைய 3.4 மி.மீ. ஆகக் குறையும். தாங்கியின் நீளம் முழுவதும் எஃகு சேர்த்து வாங்கும் பலனில் ஏறக்குறைய பாதியை, ஒரு கையளவுத் தகடு தந்துவிடுகிறது. ஆகவே இரண்டாம் சுற்றில் அடித்தகட்டு உயரத்தை முதல் மாறியாக எழுதி, படி 2-இலிருந்து மறுபடி தொடங்கினேன். மூட்டைகளைத் தொங்கவிட்டு அளக்கும்போது, நுனியில் ஓர் அளவுகோலும் தகட்டின் உச்சியில் ஓர் இடைவெளிமானியும் என இரண்டு இடத்தில் அளந்தேன்.